பித்தும் கல்லும்

அறுவை சிகிச்சைக்கு இன்னும் ஐந்து நாள்கள் இருக்கின்றன. மருத்துவமனையில் கொடுத்தனுப்பிய கோப்பு என் மேசைமேல் கிடக்கிறது. ஸ்கேன் அறிக்கை, ரத்தப் பரிசோதனை முடிவுகள், ஈ.சி.ஜி. தாள், மயக்க மருந்து மருத்துவர் கொடுத்த ஃபிட்னஸ், 'நோயாளிகளுக்கான அறிவுறுத்தல்கள்' என்று தலைப்பிட்ட இரண்டு பக்கம், கையெழுத்துக்குக் காத்திருக்கும் ஒப்புதல் படிவம். இருபது ஆண்டுகளாகப் பிரதிகளை வாசித்தும் வாசிக்கக் கற்றுக்கொடுத்தும் பிழைப்பவள் நான். ஒரு தாளை வாசிக்காமல் அதன் அடியில் கையெழுத்துப் போட எனக்கு வரவில்லை. இந்தக் கட்டுரை அந்த வாசிப்புதான்.

என் பித்தப்பையில் கற்கள் இருக்கின்றன. பெரியது 14 மில்லிமீட்டர் என்கிறது அறிக்கை. கல்லீரலுக்கு அடியில் ஒட்டிக்கொண்டிருக்கும், 7 முதல் 10 சென்டிமீட்டர் நீளமுள்ள சின்னப் பை அது. பித்தநீரை அது சுரப்பதில்லை. சுரப்பது கல்லீரல். பை அதை வாங்கிச் சேர்த்து, கெட்டியாக்கி, எண்ணெய்ப் பண்டம் குடலுக்கு வரும்போது சுருங்கி வெளியே அனுப்புகிறது. வாங்கி வைத்து வேண்டும்போது எடுத்துக் கொடுக்கிற வேலை. அது இல்லாமலும் உடம்பு பிழைத்துக்கொள்ளும் என்று மருத்துவர் சொன்னபோது ஆறுதலாகவும் இருந்தது, கொஞ்சம் அவமானமாகவும் இருந்தது.

முதல் வலி வந்தது மூன்று ஆண்டுகளுக்கு முன்பு. உறவினர் வீட்டுத் திருமணத்தில் சாப்பிட்டுத் திரும்பிய இரவு. வலப்பக்க விலா எலும்புக்குக் கீழே பிடித்து, முதுகு வழியாக வலது தோள்பட்டை வரை இழுத்தது. இரண்டு மணி நேரம் உட்காரவும் முடியவில்லை, படுக்கவும் முடியவில்லை. மறுநாள் தெருமுனைக் கிளினிக்கில் சொன்னேன். "கேஸ்தாம்மா. நேரத்துக்குச் சாப்பிடுங்க, டென்ஷனைக் குறைங்க" என்றார் மருத்துவர். என் வயிற்றில் கை வைக்கவில்லை. பிறகு வலி வந்தபோதெல்லாம் நானே அந்தச் சொல்லைச் சொல்லிக்கொண்டேன். கல்லூரியில் கேட்டால் கேஸ். வீட்டில் கேட்டால் கேஸ். எங்கள் ஆசிரியர் ஓய்வறையில் இருக்கும் பதினான்கு பெண்களில் கேஸ் இல்லாதவர் யாருமில்லை. காலை முதல் வகுப்புக்கு ஓடிவந்து, மதியம் விடைத்தாளோடு சாப்பிட்டு, மாலை வீட்டுக்கு ஓடுகிற எல்லாருடைய எல்லா வலிகளுக்கும் ஒரே பெயர்.

அகப்பாடல்களில் வெறியாட்டு என்றொரு துறை உண்டு. தலைவி மெலிகிறாள், நிறம் வெளிறுகிறாள், வளை கழல்கிறது. தாய் கவலைப்படுகிறாள். கட்டுவிச்சி வந்து குறி பார்க்கிறாள். வேலன் வந்து கழங்கு போட்டு, இது முருகனால் வந்தது என்கிறான். களம் அமைக்கிறார்கள், ஆட்டை அறுக்கிறார்கள், ஆடுகிறார்கள். நோய் எதனால் வந்தது என்பது தலைவிக்குத் தெரியும், தோழிக்குத் தெரியும். ஆனால் அவளிடம் யாரும் கேட்பதில்லை. இத்தனை ஆண்டுகளாக வகுப்பில் இதை ஒரு நாடக முரணாகவும் அறத்தொடு நிற்றலுக்கு முந்திய கட்டமாகவும் நடத்தியிருக்கிறேன். மாணவிகள் சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன். இப்போது வேறுவிதமாகப் படிக்கத் தோன்றுகிறது. தமிழ் இலக்கியத்தில் பெண்ணுடலின் மீது செய்யப்பட்ட தவறான நோயறிதலின் மிகப் பழைய பதிவு அது. நோய்க்குப் பெயர் வைக்கும் உரிமை வெளியிலிருந்து வருபவனிடம் இருக்கிறது. நோயுற்றவள் அந்தப் பெயரை ஒட்டுகிற இடம் மட்டுமே. முருகன் போய் கேஸ் வந்திருக்கிறது. கேட்காத பழக்கம் போகவில்லை.

என்னிடம் முதலில் கேட்டது ஓர் இளம் பயிற்சி மருத்துவரின் கை. காய்ச்சலும் வாந்தியுமாக இரவு அவசரப் பிரிவுக்குப் போனபோது, வலது விலாவுக்குக் கீழே விரல்களை அழுத்தி, "மூச்சை நல்லா உள்ளே இழுங்க மேடம்" என்றாள். பாதியில் மூச்சு நின்றுவிட்டது. அதற்கு மர்ஃபி அறிகுறி என்று பெயராம். வீங்கிய பித்தப்பை மூச்சோடு கீழே இறங்கி விரலில் இடிக்கும்போது மூச்சு தானாக நிற்கும். மூன்று ஆண்டு கேஸ், இருபது நொடியில் பித்தப்பை ஆனது. காய்ச்சலுக்கு மருந்து கொடுத்து, ஆறு வாரம் கழித்து அறுவை செய்யலாம் என்று தேதி கொடுத்தார்கள். அந்த ஆறு வாரம் இப்போது முடியப்போகிறது.

இந்த நோய்க்கு மருத்துவ மாணவர்கள் மனப்பாடம் செய்யும் ஒரு சூத்திரம் உண்டு. ஃபீமேல், ஃபேட், ஃபார்ட்டி, ஃபெர்ட்டைல். பெண், பருமன், நாற்பது வயது, பிள்ளை பெறும் நிலை. சில இடங்களில் ஐந்தாவதாக ஃபேர், அதாவது வெள்ளைத் தோல் என்பதையும் சேர்ப்பார்கள். வலப்பக்க வலியோடு வருபவரைப் பார்த்ததும் பித்தப்பைக் கல் நினைவுக்கு வர வேண்டும் என்பதற்கான மோனைச் சூத்திரம். நூற்பாக்களை மனப்பாடம் செய்து வளர்ந்த எனக்குச் சூத்திரத்தின் பயன் புரிகிறது. இதன் அடியில் உள்ள உண்மையையும் நான் மறுக்கவில்லை. பிள்ளை பெறும் வயதில் ஆண்களைவிடப் பெண்களுக்கே இது அதிகம் வருகிறது. ஈஸ்ட்ரோஜன் பித்தநீரில் கொழுப்பைக் கூட்டுகிறது. கர்ப்ப காலத்தில் கூடும் புரோஜெஸ்டிரோன் பை சுருங்குவதை மந்தமாக்குகிறது. தேங்கிய நீரில் கல் உறைகிறது.

நான் கேள்வி கேட்பது இந்தச் சூத்திரத்தின் இலக்கணத்தைத்தான். நான்கும் ஒரு பெண்ணைப் பார்த்தவுடன் சொல்லிவிடக்கூடிய அடைமொழிகள். கதவருகே நிற்பவனின் கண்ணுக்குத் தெரிபவை. ஹார்மோன், நீண்ட பட்டினி, சட்டென்று எடை குறைதல், பரம்பரை ஆகிய காரணங்கள் இதில் இல்லை. வெகுநேரம் சாப்பிடாமல் இருந்தால் பை சுருங்காது, பித்தநீர் தேங்கும். செவ்வாய், வெள்ளி என்று விரதம் இருந்தவளையும், எல்லாரும் சாப்பிட்ட பிறகு மிச்சத்தைச் சாப்பிட்டவளையும் இந்தச் சூத்திரம் கண்டுகொள்வதில்லை. என் கற்கள் பட்டினியால் வந்தவை என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது, நானும் சொல்லவில்லை. ஆனால் மருத்துவமனையில் என்னிடம் எத்தனை பிள்ளைகள், என்ன எடை என்று கேட்டார்கள். காலை உணவை எத்தனை மணிக்குச் சாப்பிடுகிறீர்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. 'ஃபேட்' என்ற சொல்லில் நோய்க்கான பழி பெண்ணின் மீதே விழுகிறது. அவள் எப்போது சாப்பிட்டாள், யாருக்குப் பிறகு சாப்பிட்டாள் என்ற வரலாறு வெளியே நின்றுவிடுகிறது.

விசித்திரம் என்னவென்றால், பாடநூல் இது பெண்களின் நோய் என்று இவ்வளவு உரக்கச் சொல்லியும் கிளினிக்கில் பெண்ணின் வலி கேஸாகவே முடிந்தது. சூத்திரத்தின் நான்கு சொற்களும் எனக்குப் பொருந்தின. அவை மூன்று ஆண்டுகள் எனக்கு உதவவில்லை. ஒல்லியாக, இருபது வயதில், திருமணமாகாமல் இதே வலியோடு வரும் என் மாணவிக்கு அவை எப்படி உதவும்?

முதுகலை மாணவிகளுக்குப் பெண் கவிதை குறித்த தாள் ஒன்றை நடத்துகிறேன். விடுப்பு எடுக்கப்போவதைச் சொன்ன அன்று ஒரு மாணவி கேட்டாள்: "மேம், பித்தப்பையைப் பத்தி யாராவது கவிதை எழுதியிருக்காங்களா?" வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்த பிறகு அந்தக் கேள்வி என்னை விடவில்லை.

2000இல் சல்மாவின் 'ஒரு மாலையும் இன்னொரு மாலையும்', 2002இல் குட்டி ரேவதியின் 'முலைகள்', 2004இல் சுகிர்தராணியின் 'இரவு மிருகம்'. மாலதி மைத்ரியும் இதே ஆண்டுகளில்தான் தொகுப்புகளைக் கொண்டுவந்தார். பெண்ணுடலைப் பெண்ணே எழுதியதற்காக அவர்கள் வாங்கிய வசை தமிழ் இலக்கிய உலகுக்குத் தெரியும். எனக்கு எழுதத் துணிவு தந்தவர்கள் அவர்கள். முலை, யோனி, கருப்பை, மாதவிடாய் ஆகிய சொற்களை வசையிலிருந்தும் வழிபாட்டிலிருந்தும் மீட்க வேண்டியிருந்தது. அதை அவர்கள் செய்தார்கள். பின்னால் வந்த நாங்கள் அந்தப் பட்டியலுக்குள்ளேயே நின்றுவிட்டோம். பெண்ணுடல் என்று நாங்கள் எழுதியது, ஆண் பெயர் வைத்த உறுப்புகளை மட்டுமே. அவன் ஆசைப்பட்டவற்றையும் அருவருத்தவற்றையும் திரும்ப எடுத்துக்கொண்டோம். அவன் கண்ணில் படாத கல்லீரல், பித்தப்பை, தைராய்டு, மூட்டு, குதிகால் எல்லாம் எங்கள் கவிதைக்கும் வெளியே நின்றன. என் இரண்டு தொகுப்புகளையும் எடுத்துப் பார்த்தேன். வயிறு என்ற சொல் வரும் இடத்திலெல்லாம் அது கருப்பையைக் குறிக்கிறது. பசியைக்கூட ஓரிடத்தில்தான் குறிக்கிறது.

தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் பிணியை எங்கே வைக்கிறார் என்று பார்த்தால் இதற்கு ஒரு பழைய வேர் தெரிகிறது. பிணி அழுகைக்குள் வரவில்லை. மூப்பு, வருத்தம், மென்மை ஆகியவற்றோடு இளிவரலுக்குள் வருகிறது. நோய் இரக்கத்துக்குரியதாக அல்ல, இழிவுக்குரியதாகப் படுகிறது. அகத்தில் நோய் என்றால் அது காமநோய். உண்மையான உடல்நோய்க்கு அங்கே இடமில்லை. 1926இல் வர்ஜீனியா வுல்ஃப் நோயுறுதல் பற்றி எழுதிய கட்டுரையில், காதலும் போரும் போல நோய் ஏன் இலக்கியத்தின் பெரும்பொருளாகவில்லை என்று வியந்தார். 1978இல் சூசன் சோன்டாக், நோயை உருவகமாக்குவதே நோயாளிக்குச் செய்யும் அநீதி என்று வாதிட்டார். 1980இல் ஆட்ரி லார்ட் தன் புற்றுநோய்க் குறிப்புகளில், அறுத்த மார்பை மறைக்கச் சொன்னவர்களிடம் மறுத்துப் பேசினார். மூவரையும் வகுப்பில் நடத்தியிருக்கிறேன். ஆனால் என் உடம்பு படுத்தபோது எனக்குத் தோன்றிய முதல் எண்ணம் வானத்தைப் பற்றியதோ உருவகத்தைப் பற்றியதோ அல்ல. ஐந்து நாளைக்கு மாவு அரைத்து வைக்க வேண்டுமே என்பதுதான்.

அறிவுறுத்தல் தாளில் முன்தயாரிப்பு என்ற பகுதி இருக்கிறது. திட உணவை 6 மணி நேரத்துக்கு முன்பும் தெளிந்த நீரை 2 மணி நேரத்துக்கு முன்பும் நிறுத்த வேண்டும். ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரை, கருத்தடை மாத்திரை, சர்க்கரை மாத்திரை எதுவானாலும் முன்கூட்டியே சொல்ல வேண்டும். நகப்பூச்சை அழிக்க வேண்டும், விரல் நுனியில் மாட்டும் கருவி ரத்தத்தின் ஆக்சிஜனைச் சரியாகக் காட்ட வேண்டும் என்பதற்காக. எல்லாம் நியாயமானவை, காரணமுள்ளவை. அந்தத் தாளில் இல்லாத முன்தயாரிப்பு ஒன்று என் நாட்குறிப்பில் இருக்கிறது: மாவு, பருப்புப்பொடி, புளிக்காய்ச்சல். சிலிண்டர் பதிவு. மகளின் தேர்வுக் கட்டணம். என் கண்காணிப்புப் பணியை மாற்றிக்கொள்ள இரண்டு பேரிடம் கெஞ்சல். நாற்பது விடைத்தாள். மாமியாருக்கு ஒரு மாதத்துக்கான மாத்திரை. பெண்ணைப் பொறுத்தவரை அறுவை சிகிச்சைக்குத் தயாராவது என்பது, அவள் இல்லாத வீட்டைத் தயார் செய்வதுதான். இதைப் படிக்கும் பெண்களில் பலருக்கு அந்தப் பட்டியல் மனப்பாடமாக இருக்கும்.

அதே தாளில், 'நோயாளியுடன் ஒரு பெண் உதவியாளர் மட்டும் அனுமதிக்கப்படுவார்' என்று ஒரு வரி. மகளிர் வார்டு என்பதால் அதில் நியாயம் உண்டு. ஆனால் ஆண்கள் வார்டிலும் இரவு நாற்காலியில் உட்கார்ந்திருப்பவள் பெண்தான். திருக்குறளில் மருந்து அதிகாரத்தின் கடைசிக் குறள் மருத்துவத்தை நான்கு கூறாகப் பிரிக்கிறது. நோயுற்றவர், தீர்ப்பவர், மருந்து, அருகிருந்து மருந்து கொடுப்பவர். பணிவிடை செய்பவரை மருத்துவருக்கு நிகரான கூறாக வைத்தது பெரிய விஷயம். ஆனால் அக்குறளில் மனிதராக வரும் மூவருக்கும் ஆண்பால் விகுதி. யாப்புக்காக, பொதுமைக்காக என்று உரை சொல்லலாம். நானும் வகுப்பில் அப்படித்தான் சொல்லி வந்திருக்கிறேன். இலக்கணத்தில் ஆணாக நிற்கும் அந்த நான்காம் கூறு, வார்டில் தூக்குவாளியோடு பெண்ணாக நிற்கிறது. அவள் நோயாளியாகும்போது அந்த நாற்காலி காலியாகிறது. அதை நிரப்ப இன்னொரு பெண்ணைத் தேட வேண்டியிருக்கிறது. என் விஷயத்தில் அந்த இன்னொரு பெண் எழுபத்திரண்டு வயதான என் அம்மா.

இன்னொரு வரி: 'தாலி உள்பட அனைத்து நகைகளையும் கழற்ற வேண்டும்.' அறுவையில் ரத்தத்தை நிறுத்த மின்சாரத்தால் சுடும் கருவியைப் பயன்படுத்துகிறார்கள். உடம்பில் உலோகம் இருந்தால் அந்த இடம் சுட்டுவிடலாம். தாலி பற்றி மேடையில் பேசியிருக்கிறேன், எழுதியிருக்கிறேன். வீட்டு அமைதிக்காகக் கழுத்தில் போட்டுக்கொண்டும் இருக்கிறேன். இந்த இரண்டுக்கும் நடுவில் நான் வாழ்ந்த பதினெட்டு ஆண்டுகளை ஒரு மின்கருவி ஒரே வரியில் தாண்டிவிட்டது. மாமியார் முகம் வாடி, "மஞ்சக் கயிறாவது கட்டிக்கிட்டுப் போம்மா" என்றார். நான் வாதாடவில்லை. செவிலியரிடம் கேட்டபோது, "நிறைய பேரு கேப்பாங்க மேடம், நூல்ல மஞ்சள் வெச்சுக் கட்டிவிட்டிருவோம்" என்றார் சாதாரணமாக. அவருக்கு அது தத்துவப் பிரச்சினை அல்ல. பயந்திருக்கும் ஒரு பெண்ணை அமைதிப்படுத்தும் வழி. என் எழுத்தில் அந்தச் செவிலியரின் பொறுமை இருந்ததில்லை என்பதையும் குறித்துக்கொள்கிறேன்.

இனி அம்மா.

1989இல், எனக்குப் பதினொரு வயதில், அம்மாவுக்கு வயிற்றில் ஓர் அறுவை நடந்தது. அதற்கு முன் பல ஆண்டுகள் அவளுக்கு வாய்வு. ஓமம், பெருங்காயம், சுக்குக் கஷாயம். கடைசியில் ஒரு நாள் சுருண்டு விழுந்து மருத்துவமனைக்குத் தூக்கிப்போனார்கள். வலது விலாவுக்குக் கீழே ஒரு சாண் நீளத் தழும்பு. பத்து நாள் படுக்கை. சிறு துளைகள் வழியே பித்தப்பையை எடுக்கும் முறை 1985இல் ஜெர்மனியில் தொடங்கி, 1987இல் பிரான்சின் லியோனுக்கு வந்து, 1990இல்தான் மும்பையை எட்டியது. அம்மா ஓராண்டு முந்திவிட்டாள். வீட்டில் அந்த அறுவைக்குப் பெயர் 'கல்லெடுத்தது'.

ஆறு வாரத்துக்கு முன்பு என்னோடு வந்திருந்த அவளிடம் அறுவை மருத்துவர், குடும்பத்தில் யாருக்காவது இது இருந்ததா என்று கேட்டார். "எனக்கு இருந்துச்சுங்க. கல்லை எடுத்துட்டாங்க" என்றாள். "கல்லை மட்டும் எடுக்க மாட்டோம்மா. கல் உருவாகிற பையையே எடுத்திருவோம். உங்களுக்கும் அப்படித்தான் எடுத்திருப்பாங்க" என்றார். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. பேருந்தில் ஒன்றும் பேசவில்லை. வீட்டுக்கு வந்து சேலைக்கு மேலேயே தழும்பில் கையை வைத்துக்கொண்டு கேட்டாள்: "இல்லாத பைக்கா இத்தனை வருஷம் பத்தியம் இருந்தேன்?"

அதன் பிறகுதான் எனக்கு உறைத்தது. அம்மா முட்டை சாப்பிட மாட்டாள். தேங்காய்ப்பால், கறிக்குழம்பு எதையும் தொட மாட்டாள். பிடிக்காது என்று நினைத்திருந்தோம். மறுபடி கல் வந்துவிடும் என்ற பயத்தில் விலக்கியிருக்கிறாள். அப்போது யாரோ சில மாதங்களுக்குச் சொன்ன பத்தியத்தை வாழ்நாள் பத்தியமாக வைத்துக்கொண்டிருக்கிறாள். அவள் உடம்பில் என்ன எடுத்தார்கள் என்பதை அப்பாவிடம் சொன்னார்கள். கையெழுத்துப் போட்டதும் அப்பாதான். அவர் அவளிடம் சொல்ல மறந்திருக்கலாம், அல்லது சொல்லத் தேவையில்லை என்று நினைத்திருக்கலாம். அவர் இறந்து ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. கேட்க முடியாது.

இத்தோடு முடிந்திருந்தால் இது அப்பாவின் தலைமுறையைப் பற்றிய குற்றச்சாட்டாக மட்டும் இருந்திருக்கும். நான்கு ஆண்டுகளுக்கு முன் வேறொரு காரணத்துக்காக அம்மாவுக்கு வயிற்று ஸ்கேன் எடுத்தோம். அந்த அறிக்கையைத் தேடி எடுத்தேன். பித்தப்பை அகற்றப்பட்டுள்ளது என்று ஆங்கிலத்தில் ஒரு வரி இருந்தது. அந்த வரியை அன்றே நான் படித்தேன். 'நார்மல்தான்மா' என்று சொல்லிக் கோப்பில் அடுக்கிவைத்தேன். அவளுக்குத் தெரியும் என்று நினைத்தேன். பெண்ணுடல் குறித்து ஆய்வு செய்து முனைவர் பட்டம் வாங்கியவள், தன் தாயின் உடல் பற்றிய ஒரு வரியை அவளுக்கு வாசித்துக் காட்டவில்லை.

பெத்த மனம் பித்து, பிள்ளை மனம் கல்லு என்பார்கள். தாய்மையைப் புகழும் பழமொழியாகவே அதைப் பள்ளியில் படித்தோம். இப்போது அதில் வேறொன்று கேட்கிறது. தாயின் அன்பைப் பித்து என்று சொல்லும்போதே அவளுடைய அறிவு கழிக்கப்படுகிறது. பித்தம் என்பது உடம்பின் முக்குற்றங்களில் ஒன்று, அது ஏறினால் பித்து. ஆண்பாலில் அச்சொல் தெய்வமாகிறது. திருவெண்ணெய்நல்லூரில் சுந்தரர் தன்னைத் தடுத்தாட்கொண்ட சிவனைப் பாடத் தொடங்கியதே பித்தன் என்ற சொல்லில்தான். பெண்பாலில் அதற்கு அந்த ஏற்றம் கிடைக்கவில்லை. அதே சிவன்மேல் பித்தான காரைக்காலம்மையார் தன்னைப் பேய் என்றே சொல்லிக்கொள்ள வேண்டியிருந்தது. பித்தாகிய பெண்ணிடம் யார் விளக்கம் சொல்வார்கள்? அவளுக்குப் பாசம் போதும், தகவல் வேண்டாம். அம்மாவின் பித்தநீரையும் கல்லையும் பற்றி அம்மாவிடம் பேசாததற்கு இந்தப் பழமொழியின் முதல் பாதி காரணம். இரண்டாம் பாதி என்னைப் பற்றியது. அதை மறுக்க என்னிடம் வாதம் எதுவும் இல்லை.

கடைசியாக ஒப்புதல் படிவம். ரத்தக்கசிவு, தொற்று, பித்தநீர்க் கசிவு, பித்தநாளத்தில் காயம், துளைவழி அறுவையை நிறுத்தி வயிற்றைத் திறக்க வேண்டிவருவது என்று சாத்தியங்கள் வரிசையாக இருக்கின்றன. இவற்றில் சில மிக அரிதாகவே நடக்கும், ஆனால் தெரிந்திருக்க வேண்டியவை. எல்லாம் ஆங்கிலத்தில். அடியில் தமிழில் ஒரே வாக்கியம்: 'மேற்கண்டவை எனக்குப் புரியும் மொழியில் விளக்கப்பட்டன.' செயப்பாட்டு வினை. யார் விளக்கினார் என்று வாக்கியத்தில் இல்லை. எப்போது என்றும் இல்லை. புரியும் மொழியில் விளக்கியதாகச் சொல்லும் படிவமே அந்த மொழியில் இல்லை. கையெழுத்துக்கு இரண்டு கோடுகள். முதலில் 'கணவர் / பாதுகாவலர்', அதன் கீழே 'நோயாளி'.

"சார் வந்து சைன் போடணும் மேடம்" என்றார் மேசையில் இருந்தவர்.

"நான் போட்டா போதாதா?"

"ரூல்ஸ் மேடம்."

அப்படி விதி இல்லை. சுயநினைவோடு இருக்கும் வயதுவந்த ஒருவரின் அறுவைக்கு அவருடைய ஒப்புதலே ஒப்புதல். மயக்கத்தில் இருந்த 44 வயதுப் பெண்ணுக்கு, வெளியே இருந்த தாயிடம் அனுமதி வாங்கிக் கருப்பையை அகற்றிய வழக்கில், அந்த அனுமதி செல்லாது என்று 2008இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. என்ன செய்யப்போகிறார்கள், மாற்று வழி உண்டா, ஆபத்து என்ன, செய்யாவிட்டால் என்னவாகும் என்பதை நோயாளிக்கே சொல்ல வேண்டும் என்றும் அந்தத் தீர்ப்பு விரிவாகச் சொல்கிறது. இதைப் படிக்கும் மாணவிகள் இந்த ஒன்றையாவது நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். உடன்வருபவர் சாட்சியாகக் கையெழுத்திடலாம். சாட்சி வேறு, சம்மதம் வேறு.

நேற்று என் கேள்விகளைத் தமிழில் எழுதி எடுத்துப்போனேன். எதை எடுப்பீர்கள், எதை விடுவீர்கள்? எடுக்காவிட்டால் என்னவாகும்? வயிற்றைத் திறக்க நேர்ந்தால் எத்தனை நாள் படுக்கை? எடுத்த பையைப் பரிசோதனைக்கு அனுப்புவீர்களா? பிறகு என்ன சாப்பிடலாம்? மருத்துவர் பொறுமையாகவே பதில் சொன்னார். மொத்தம் பதினோரு நிமிடம். வலியோ தொந்தரவோ இல்லாத கற்களுக்குப் பொதுவாக அறுவை தேவைப்படாது, உங்களுக்குத் தேவை, ஏனென்றால் ஒரு முறை வீங்கிவிட்டது என்றார். வயிற்றை ஊதப் பயன்படுத்தும் வாயுவால் இரண்டொரு நாள் தோள் வலிக்கும், பயப்பட வேண்டாம் என்றார். கேட்டால் சொல்கிறார்கள். கேட்கலாம் என்று நமக்கு யாரும் சொல்லித்தரவில்லை. எழுந்திருக்கும்போது அம்மா மெதுவாகக் கேட்டாள்: "டாக்டர், நான் முட்டை சாப்பிடலாமுங்களா?" அவர் அவளுடைய பழைய அறிக்கையைப் பார்த்துவிட்டு, "தாராளமா சாப்பிடுங்கம்மா. எப்பவோ சாப்பிட்டிருக்கலாம்" என்றார்.

படிவத்தில் 'கணவர் / பாதுகாவலர்' என்பதை அடித்துவிட்டு 'சாட்சி' என்று எழுதியிருக்கிறேன். கணவருக்கு அதில் ஆட்சேபணை இல்லை. மருத்துவமனைக்கு இருக்கலாம். மேலே கேட்டுச் சொல்வதாக மேசைக்காரர் சொன்னார். சாட்சியாக அம்மா கையெழுத்திட வேண்டும் என்பது என் விருப்பம். தன் அறுவைக்குக் கையெழுத்துப் போடாதவள் அவள். பேனாவைக் கையில் வாங்கிக்கொண்டு, "என்ன எழுதியிருக்குன்னு முழுசா வாசிச்சுச் சொல்லு, அப்புறம் போடறேன்" என்றாள்.

வரிவரியாகத் தமிழில் சொன்னேன். பித்தநாளம் என்றால் என்ன என்று கேட்டாள், படம் போட்டுக் காட்டினேன். தழும்பைத் தொட்டு, இதற்குள்ளேயா என்று கேட்டாள். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. இன்னும் ஒரு பக்கம் மிச்சமிருக்கிறது, நாளைக்கு வாசிக்க வேண்டும்.